பொம்பெயியும் வெசுவியஸும் ஒரே நாளில்: டூர் புக் செய்யும் முன்

இத்தாலியின் நேப்பிள்ஸில் தங்கியிருந்தால் வெசுவியஸ் எரிமலையையும், அது வெடித்துப் புதைத்த பழைய ரோமானிய ஊரான பொம்பெயியின் இடிபாடுகளையும் ஒரே நாளில் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் எத்தனை இடம் காட்டுகிறார்கள் என்று எண்ணி டூர் எடுக்காதீர்கள், எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் விடுகிறார்கள் என்று கேளுங்கள். நான் போன டூரில் பவள நகைக்கடையில் முக்கால் மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் என்று போய், பொம்பெயிக்கு இரண்டு மணி நேரம்கூட முழுசாக மிஞ்சவில்லை. ஊர் மொத்தம் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டி எடுத்திருக்கிறார்கள். மூன்று மணி நேரமாவது வேண்டும். ரோமில் இருந்து கிளம்பும் டூர் என்றால் போக வரவே ஐந்து மணி நேரம் ஆகிவிடும், என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

அடுத்து டிக்கெட். எரிமலைக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் வாங்கியாக வேண்டும், மேலே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். டூர் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொம்பெயியில் 2024 நவம்பரில் இருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டில் பெயர் இருக்கும், அதனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள்.

காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போதே பொம்பெயிக்குள் நுழைந்துவிடுங்கள், உள்ளே நிழல் மிகக் குறைவு, வெயில் ஏறினால் கைடு சொல்வது எதுவும் காதில் ஏறாது. தெருவில் நடக்கும்போது கீழே பாருங்கள். எரிமலைக் கல் பாவிய சாலையில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடி விரற்கடை ஆழத்துக்கும் மேல் தடம் விழுந்திருக்கும். குறுக்கே உயரமான கற்கள் வரிசையாக நிற்கும், மழைத் தண்ணீரும் சாக்கடையும் ஓடும் தெருவை மக்கள் கால் நனையாமல் கடப்பதற்கு. வண்டி போக நடுவில் சரியாக இடம் விட்டிருக்கிறார்கள். தெருமுனைகளில் கல் மேடையும் அதில் பதித்த மண் பானைகளும் தெரிந்தால் அது சாப்பாட்டுக் கடை, அந்தக் காலத்து டீக்கடை பெஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கைடிடம் கட்டாயம் கேட்க வேண்டியது, 'தப்பி ஓடியவர்களின் தோட்டம்' எனப்படும் இடத்துக்குக் கூட்டிப்போவீர்களா என்று. தென்கிழக்கு மூலையில் இருப்பதால் அவசர டூர்கள் அதை விட்டுவிடும். கி.பி. 79 வெடிப்பில் முதலில் மழை மாதிரி நுரைக்கல் கொட்டியது, கூரைகள் இடிந்தன. மறுநாள் காலையில் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் மலையில் இருந்து பாய்ந்து வந்தது. சாம்பல் இறுகியது, உள்ளே இருந்த உடல்கள் மட்கிப்போய் வெற்றிடம் மட்டும் மிஞ்சியது. அந்தக் குழிகளில் பிளாஸ்டரை ஊற்றி உருவம் எடுக்கும் வழியை 1863இல் ஜுசெப்பே ஃபியொரெல்லி கொண்டுவந்தார். தோட்டத்தில் 13 பேர், அதில் குழந்தைகளும் உண்டு. அங்கே யாரும் சத்தமாகப் பேசவில்லை.

மதியம் சைவக்காரர்கள் பீட்சா மரினாரா கேளுங்கள். பெயரைக் கேட்டு மீன் என்று பயப்பட வேண்டாம், தக்காளி, பூண்டு, ஓரெகனோ, எண்ணெய் அவ்வளவுதான், சீஸ்கூடக் கிடையாது.

அப்புறம் மலை. பஸ் சுமார் 1,000 மீட்டர் உயரம் வரை போகும், அதற்கு மேல் நடைதான். பல டூர்களில் கைடு பார்க்கிங்கிலேயே நின்றுவிடுவார், எத்தனை மணிக்குத் திரும்பி வர வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். இருபது முப்பது நிமிட ஏற்றம், பாதை முழுக்கப் பொடிக்கல், செருப்பு போட்டால் அடிக்கு ஒருமுறை நின்று உதற வேண்டியிருக்கும். ஷூவும் காற்றுக்கு ஒரு ஜாக்கெட்டும் போதும். தீக்குழம்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள், கடைசியாக வெடித்தது 1944இல். சுமார் 300 மீட்டர் ஆழப் பள்ளம், பாறை இடுக்கில் அங்கங்கே மெல்லிய புகை, திரும்பிப் பார்த்தால் நேப்பிள்ஸ் வளைகுடா. மோசமான வானிலையில் பாதையை மூடிவிடுவார்கள், அப்படி மூடினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பொம்பெயியில் 1938இல் கிடைத்த, இந்தியாவில் இருந்து போன தந்தச் சிலை அங்கே இருக்கிறது. ஒரு ஜாணுக்குச் சற்று அதிக உயரம். லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள், யட்சி என்பவர்களும் உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.