இலையிலிருந்து புரதம் எடுப்பது எப்படி? பாலக்கீரையில் தொடங்கலாம்

இலையில் புரதம் குறைவு, தொல்லை அதிகம். செல்சுவரை உடைத்த உடனே, உள்ளே அடைபட்டிருந்த புரோட்டியேஸ் நொதிகள் வெளியே வந்து நமக்கு வேண்டிய புரதத்தையே வெட்டத் தொடங்கும். ஃபீனால்கள் காற்று பட்டு மாறி, புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சாற்றைப் பழுப்பாக்கும். இந்த இரண்டையும் தடுக்கக் குளிரும் வேகமும் வேண்டும். மாவிலை மாதிரி ஃபீனால் மிகுந்தவை பிறகு ஆகட்டும். முதலில் இளம் பாலக்கீரை எடுங்கள்.

படி 1: பஃபர்

புரதத்தைக் கரைத்து எடுக்க, அமில-காரத் தன்மை மாறாத கரைசல் வேண்டும். அதுதான் பஃபர். 50 மில்லிமோலார் டிரிஸ் (பி.எச்.சை நிலையாக வைப்பது; பி.எச். 7.5), 1 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பிடித்து வைப்பது), 5 மில்லிமோலார் டி.டி.டி. (DTT, ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது) கலந்து ஐஸில் வையுங்கள். புரோட்டியேஸைத் தடுக்கும் பி.எம்.எஸ்.எஃப். தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் ஐசோப்ரொப்பனாலில் கரைத்து வைத்து, அரைப்பதற்குச் சற்று முன் 1 மில்லிமோலார் அளவுக்குச் சேருங்கள். நச்சுப்பொருள், கையுறை கட்டாயம்.

படி 2: அரைத்தல்

எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது. நடுநரம்பு நீக்கிய 1 கிராம் இலையைக் கழுவி, ஈரம் ஒற்றி எடுங்கள். கல்வத்தில் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்து, இலையையும் 50 மில்லிகிராம் பி.வி.பி.பி. பொடியையும் போட்டுத் திருநீறு போல அரையுங்கள். ஃபீனால்களைப் பிடித்து வைப்பது இந்தப் பொடிதான். மாவு ஈரமாகத் தெரிந்தால் உருகுகிறது என்று அர்த்தம். உடனே மறுபடி நைட்ரஜன் ஊற்றுங்கள். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, காற்றோட்டமான அறை மூன்றும் வேண்டும். நைட்ரஜன் மிச்சமிருக்கும் குழாயை மூடவே கூடாது, வெடித்துவிடும்.

படி 3: பிரித்தல்

நைட்ரஜன் ஆவியானதும், மாவு உருகுவதற்குள் 3 மி.லி. குளிர்ந்த பஃபரில் கலக்குங்கள். அப்புறம் 4 டிகிரியில், 12,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 12,000 மடங்கு) 15 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். மேலே நிற்கும் தெளிந்த சாறுதான் நமக்கு வேண்டியது. பழுப்பாக இருந்தால் அடுத்த முறை பி.வி.பி.பி.யைக் கூட்டுங்கள்.

படி 4: அளவிடுதல்

புரதத்தோடு சேர்ந்தால் நீலமாகும் பிராட்ஃபோர்டு சாயத்தைச் சேர்த்து, 595 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து, பி.எஸ்.ஏ. (அளவு தெரிந்த மாட்டு சீரப் புரதம்) கொண்டு வரைந்த தரக்கோட்டோடு ஒப்பிடுங்கள். அந்த பி.எஸ்.ஏ.வையும் இதே பஃபரில்தான் கரைக்க வேண்டும். ஜெல்லில் ஓட்டுவதற்காக எஸ்.டி.எஸ். என்ற சோப்பு போன்ற பொருளைக் கலந்த பிறகு அளந்தால் கணக்கு தப்பாகும்.

சரி, புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்க, மின்சாரம் செலுத்தி ஜெல்லில் ஓட்டுகிறீர்களா? 55 கிலோடால்டன் பக்கம் தடித்த பட்டை ஒன்று தெரியும். அது ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் நொதியான ருபிஸ்கோவின் பெரிய துணையலகு. இலையின் கரையும் புரதத்தில் ஏறக்குறைய பாதி ருபிஸ்கோதான். அந்தப் பட்டை மங்கி, கீழே சின்னச் சின்னத் துண்டுகளாகச் சிதறியிருந்தால், இரண்டாம் படியில் மாவு உருகியதா என்று முதலில் பாருங்கள்.