சகுரா பார்க்க ஜப்பான்: எந்த வாரம், எந்த ஊர், எந்த மரத்தடி

சகுரா என்னும் செர்ரிப் பூவைப் பார்க்க ஜப்பான் வரை போயும் வெறும் மொட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. ஒரு வாரம் பிந்திப் போய், இலை தழைத்த மரத்தடியில் நின்று படம் எடுத்தவர்களும் உண்டு. ஓர் ஊரில் சகுரா பூக்கத் தொடங்கி உதிர்ந்து முடிய ஏறக்குறைய இரண்டு வாரம். அதில் கண்ணுக்கு நிறைவாக இருப்பது ஏழெட்டு நாள்தான். அந்த நாட்களும் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். டோக்கியோவில் 2023-இல் மார்ச் 14 அன்றே பூத்துவிட்டது. 2024-இல் மார்ச் 29 ஆயிற்று. விமான டிக்கெட்டையோ பல மாதம் முன்பே எடுத்தாக வேண்டும். ஆகவே தேதியைத் துல்லியமாகக் கணிக்கப் பார்ப்பது வீண் வேலை. பூ முந்தினாலும் பிந்தினாலும் வேறு மரத்துக்கோ வேறு ஊருக்கோ மாறிக்கொள்ள வழி வைத்துத் திட்டம் போடுங்கள். எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: இரண்டு சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் சொல் கைக்கா, அதாவது பூக்கத் தொடங்குதல். இரண்டாவது மன்காய், அதாவது முழுப் பூப்பு. மாங்காயை நினைத்துக்கொண்டால் மறக்காது.

ஜப்பான் வானிலை மையம் முக்கிய ஊர்களில் ஒரு மாதிரி மரத்தை வைத்துக் கண்காணிக்கிறது. டோக்கியோவுக்கான மரம் யாசுகுனி கோயில் வளாகத்தில் இருக்கிறது. அந்த மரத்தில் 5 அல்லது 6 பூ மலர்ந்தால் கைக்கா என்று அறிவிப்பார்கள். 80 சதவீத மொட்டுகள் மலர்ந்தால் மன்காய். இரண்டுக்கும் நடுவே டோக்கியோவிலும் கியோட்டோவிலும் ஒரு வாரத்திலிருந்து ஒன்பது நாள் வரை ஆகும். வடக்கே போகப் போக இந்த இடைவெளி நான்கைந்து நாளாகக் குறுகிவிடும்.

முதல்முறை போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். “டோக்கியோவில் சகுரா பூத்துவிட்டது” என்ற செய்தியைப் பார்த்து மறுநாளே பூங்காவுக்கு ஓடினால், கிளை முழுக்க மொட்டுதான் இருக்கும். மன்காய்க்கு இரண்டு நாள் முன்பிருந்து, அதற்குப் பின் ஐந்தாறு நாள் வரை நல்ல காலம். பூத்த பிறகு குளிர் அடித்தால் இன்னும் சில நாள் தாங்கும். காற்றோடு மழை வந்தால் ஒரே இரவில் கதை முடிந்துவிடும்.

ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பூப்பதற்குக் காரணம் உண்டு. நகரங்களில் பெரும்பாலும் இருப்பது சோமேய் யோஷினோ என்ற ஒரே வகை. எடோ காலத்தின் (1603–1868) பிற்பகுதியில் சோமேய் என்ற கிராமத்தில், இன்றைய டோக்கியோவின் கோமகோமே பகுதியில், செடி வளர்ப்போர் பரப்பியது. விதையில் வளர்ப்பதில்லை, ஒட்டுக் கட்டித்தான் பெருக்குகிறார்கள். எல்லா மரமும் ஒரே மரத்தின் நகல் என்பதால், ஒரே வெயிலுக்கு ஒன்றுபோல் விழித்துக்கொள்கின்றன. மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகி உறங்கிக் கிடக்கும். குளிர்காலக் குளிர் அந்த உறக்கத்தைக் கலைக்கும். வசந்த வெப்பம் பூவை விரிக்கும். பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்து, தொகை 600 டிகிரியைத் தொட்டால் டோக்கியோவில் பூ வரும் என்று ஒரு கைக்கணக்கே உண்டு. குளிரும் தேவை என்பதால்தான், தென்கோடியில் வெதுவெதுப்பாக இருக்கும் ககோஷிமாவில் சராசரியாக டோக்கியோவுக்கு இரண்டு நாள் கழித்துப் பூக்கிறது.

படி 2: உங்கள் விடுமுறைக்கு ஏற்ற ஊர்

1991 முதல் 2020 வரையிலான சராசரி நாட்கள் இவை. முதல் தேதி கைக்கா, அடுத்தது மன்காய்.

ஃபுகுவோகா: மார்ச் 22, மார்ச் 31
டோக்கியோ: மார்ச் 24, மார்ச் 31
கியோட்டோ: மார்ச் 26, ஏப்ரல் 4
ஒசாகா: மார்ச் 27, ஏப்ரல் 4
செண்டாய்: ஏப்ரல் 8, ஏப்ரல் 13
அவோமோரி: ஏப்ரல் 22, ஏப்ரல் 26
சப்போரோ: மே 1, மே 5

அண்மைக் காலத்தில் இவற்றுக்கு முன்பாகவே பூக்கும் ஆண்டுகள் கூடியிருக்கின்றன, குறிப்பாக வடக்கே. கியோட்டோவின் முழுப் பூப்பு 2021-இல் மார்ச் 26-ஆம் தேதியே வந்துவிட்டது. அரசவை நாட்குறிப்புகளிலிருந்து திரட்டிய 1,200 ஆண்டுக் கணக்கில் அதுவரை அதுதான் மிக முந்தியது.

கையில் ஒரே வாரம்தான் என்றால் மார்ச் 29 முதல் ஏப்ரல் 5 வரை எடுத்து, டோக்கியோவில் பாதி, கியோட்டோவில் பாதி இருங்கள். இரண்டில் ஒன்றாவது கைகொடுக்கும். ஏப்ரல் கடைசியில்தான் பள்ளி விடுமுறை என்பவர்கள் வீணாக டோக்கியோவில் உட்கார வேண்டாம். நேரே வடக்கே போங்கள். பிப்ரவரியில் போகிறவர்களுக்கு இசு தீபகற்பத்தின் கவாசு ஊர் இருக்கிறது. ஆற்றங்கரை நெடுக அடர் ரோஜா நிறக் கவாசு சகுரா கிட்டத்தட்ட ஒரு மாதம் பூத்து நிற்கும். டோக்கியோவிலிருந்து ஒதோரிகோ விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஜனவரியிலேயே பூப்பது ஒகினாவா. அங்கே பூ வடக்கிலிருந்து தெற்கே இறங்கிவரும். குளிர் முதலில் எட்டுவது வடக்கு மலைகளைத்தானே.

விடுதியைக் கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு ஐந்தாறு மாதம் முன்பே பதியுங்கள். பூப்பு முன்னறிவிப்பை வானிலை மையம் 2010 முதல் வெளியிடுவதில்லை. தனியார் நிறுவனங்கள் ஜனவரி முதல் வெளியிட்டு, அவ்வப்போது திருத்துகின்றன. ஜனவரிக் கணிப்பை நம்பி எதையும் மாற்ற வேண்டாம். மார்ச் நடுவில் வருவது ஓரளவு பொருந்தும். இரண்டு மூன்று நிறுவனங்களின் தேதியை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலுக்கான முன்பதிவு பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்குத் திறக்கும்.

படி 3: பூ ஏமாற்றினால் என்ன செய்வது

போய் இறங்கினால் இன்னும் மொட்டு. அப்போது தொங்கு கிளை வகைகளைத் தேடுங்கள். பலவும் சோமேய் யோஷினோவுக்கு முந்திப் பூப்பவை. கியோட்டோ அரண்மனைப் பூங்காவின் வடக்கே பழைய கொனோயே மாளிகை இருந்த இடத்தில் நிற்கும் மரங்களும், டோக்கியோவின் ரிகுகியென் தோட்டத்துப் பெரிய மரமும் இதற்கு ஏற்றவை.

பிந்திப் போயிருந்தால் வழிகள் மூன்று. ஒன்று, அடுக்கிதழ் கொண்ட யாயே வகை. டோக்கியோவின் ஷிஞ்சுகு கியோயென் தோட்டத்தில் ஏப்ரல் நடுவிலும் அதன் பிறகும் இவை பூக்கும். ஒசாகா நாணயச்சாலை தன் வளாகத்துப் பாதையை ஏப்ரல் நடுவில் ஒரு வாரம் மட்டும் திறந்துவிடும். 1883 முதல் நடக்கும் வழக்கம். 560 மீட்டர் நீளம், நுழைவு இலவசம். ஒரு திசையில்தான் நடக்க முடியும், திரும்பிவர முடியாது. அண்மை ஆண்டுகளில் இணையத்தில் முன்பதிவு கேட்கிறார்கள். கியோட்டோவின் நின்னாஜி கோயிலில் உள்ள ஒமுரோ சகுரா உயரம் குறைந்த மரம். பூ ஏறக்குறைய முகத்துக்கு நேரே நிற்கும்.

இரண்டாவது வழி, மேட்டுக்கு ஏறுவது. நாகானோ மாநிலத்தின் தகாதோ கோட்டைப் பூங்காவில் ஏப்ரல் முதல் பாதியில் கொஹிகான் என்ற சிறுபூ வகை பூக்கும். நாரா மாநிலத்தின் யோஷினோ மலையைப் பற்றிக் கீழே தனியாக. மூன்றாவது, ரயில் ஏறி வடக்கே போவது. டோக்கியோவிலிருந்து செண்டாய் ஒன்றரை மணி நேரம்தான்.

படி 4: டோக்கியோவில் எங்கே

ஒரே ஒரு இடம் என்றால் ஷிஞ்சுகு கியோயென். பல வகை மரங்கள் இருப்பதால் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை எப்போது போனாலும் ஏதோ ஒன்று பூத்திருக்கும். புல்வெளி விசாலமானது, பெரியவர்களுக்கு 500 யென் கட்டணம். மதுவுக்கு அனுமதியில்லை, வாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு இதுவே வசதி.

பாய் விரித்து, பாட்டும் கூச்சலுமாக நடக்கும் ஹனாமியை, அதாவது பூ பார்க்கும் விருந்தை, பார்க்க வேண்டுமா? உயேனோ பூங்கா. நடந்துகொண்டே பார்க்க, மெகுரோ ஆற்றங்கரை. நகாமெகுரோ நிலையத்தில் இறங்கலாம். உட்கார இடமில்லை, மாலையில் தோளோடு தோள் உரசும் கூட்டம். காலை எட்டு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். அரண்மனை அகழியான சிதோரிகாஃபுசியில் படகு எடுத்தால், நீரை நோக்கிச் சாய்ந்த கிளைகளுக்கு அடியிலேயே போகலாம். வார இறுதியில் படகு வரிசை மணிக்கணக்கில் நீளும்; கிழமை நாளில் போங்கள்.

படி 5: கியோட்டோவும் யோஷினோவும்

கியோட்டோவில் ஒரு நாள் நடை: காலை ஏழு மணிக்கு தோசாய் சுரங்க ரயிலில் கெயாகே நிலையம். படகுகளைத் தண்டவாளத்தில் ஏற்றி இறக்கிய பழைய சரிவுப் பாதை அருகிலேயே இருக்கிறது, இருபுறமும் சகுரா. அங்கிருந்து நான்சென்ஜி கோயில், பிறகு கால்வாயோரம் சுமார் 2 கி.மீ. தத்துவப் பாதை, கடைசியில் வெள்ளி மண்டபம் எனப்படும் கிங்காகுஜி (Ginkaku-ji) கோயில். இருட்டியதும் மருயாமா பூங்காவில் விளக்கொளியில் நிற்கும் தொங்கு சகுரா. இந்தப் பருவத்தில் நகரப் பேருந்தை நம்ப வேண்டாம். ஏற இடம் கிடைக்காது, ஏறினாலும் நகராது. சுரங்க ரயில், கெய்ஹான் ரயில், கால் நடை, இவை போதும்.

யோஷினோ வேறு மாதிரி. ஷுகென்தோ மலைத் துறவிகள் வழிபடும் சாவோ கோங்கென் என்னும் தெய்வத்துக்குச் சகுரா புனித மரம். பக்தர்கள் நூற்றாண்டுகளாக நட்டு நட்டு இன்று சுமார் 30,000 மரங்கள். மலையைக் கீழ் ஆயிரம், நடு ஆயிரம், மேல் ஆயிரம், உள் ஆயிரம் என்று நான்கு அடுக்காகச் சொல்வார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் கீழே பூத்து, ஏப்ரல் நடு தாண்டி உச்சியில் முடியும். கீழே உதிர்ந்திருந்தால் மேலே ஏறினால் சரி. ஒசாகாவின் அபேனோபாஷி நிலையத்திலிருந்து கிந்தெட்சு சிறப்பு விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். எல்லா இருக்கையும் முன்பதிவுதான். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். பேருந்தில் மேலே போய், நடந்து இறங்கிவருவது ஏறுவதைவிட எளிது. இங்கே இருப்பது பெரும்பாலும் காட்டு வகையான யாமாசகுரா. செம்பழுப்புத் தளிரும் வெள்ளைப் பூவும் சேர்ந்தே வரும். இலையைப் பார்த்ததும் “பூக்காலம் போச்சே” என்று பதற வேண்டாம்; அதன் இயல்பே அது.

படி 6: பாய் விரித்து உட்காருவது

100 யென் கடையில் நெகிழிப் பாய் கிடைக்கும். இரண்டு பேருக்கு 1.8 மீட்டர் சதுரம் தாராளம். மரத்தின் அடியை ஒட்டி விரிக்காதீர்கள்: சகுராவின் வேர் மேலாக ஓடும், மிதிபட்டு மண் இறுகினால் மரம் நலியும். செருப்பைக் கழற்றிப் பாய்க்கு வெளியே வையுங்கள். கிளையை வளைப்பது, உலுக்கி இதழ் உதிர்ப்பது, பூவைப் பறித்துத் தலையில் வைப்பது எதுவும் கூடாது. நம் ஊர்க் கைக்கு இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் கட்டுப்பாடு தேவைப்படும். குப்பைப் பை இரண்டு கொண்டுபோங்கள். பொதுவிடத்தில் தொட்டி அரிது, எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவர வேண்டும். கழிப்பறை வரிசையில் அரை மணி நேரம் போகலாம். அவசரம் வரும் முன்பே போய் நில்லுங்கள்.

பகலில் 17, 18 டிகிரி என்று நம்பி உட்கார்ந்தால், மாலை ஐந்து மணிக்கு மேல் தரை சில்லிட்டு ஏறும். இந்தக் குளிருக்கு ஹனாபியே, அதாவது பூக்குளிர், என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். மேல்கோட்டும், உட்காரத் தடித்த விரிப்பும் வேண்டும்.

பூவைவிடக் கொழுக்கட்டை என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. கொழுக்கட்டைக்கு இங்கே பெயர் தங்கோ: ரோஜா, வெள்ளை, பச்சை என்று மூன்று அரிசி மாவு உருண்டைகள் ஒரு குச்சியில். சகுரா மோச்சி, இனிப்புப் பயறு வைத்து உப்பிட்ட சகுரா இலையில் சுற்றியது, இலையையும் தின்னலாம். இரண்டும் பொதுவாகச் சைவம். டோஃபுப் பைக்குள் சோறு அடைத்த இனாரி சூஷி பார்வைக்குச் சைவம்தான், ஆனால் அந்தப் பையை வேகவைக்கும் சாறில் பெரும்பாலும் மீன் இருக்கும். சைவர்கள் சோற்று உருண்டை வாங்கும்போதும் உறையில் எழுதியிருப்பதைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பாருங்கள்.

மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதே காலத்தில் சுகி, ஹினோகி மரங்களின் மகரந்தம் காற்றில் பறக்கும். முகக்கவசம் வையுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோகும் சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் எடுத்துச்செல்லத் தடை.

இன்னொன்று: பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் நகரங்களில் பூத்திருப்பது பெரும்பாலும் சகுரா அல்ல, உமே என்ற மரம். வேறுபாடு எளிது. உமேயின் பூ காம்பில்லாமல் கிளையோடு ஒட்டியிருக்கும், இதழ் நுனி வட்டம். சகுராவுக்கு நீண்ட காம்பு, இதழ் நுனியில் ஒரு சிறு வெட்டு, பட்டையில் கிடைக்கோடுகள்.

படி 7: உதிரும் நாட்களுக்கு ஹிரோசாகி

வடக்கே ஒரே ஓர் இடம் போக முடியும் என்றால் அவோமோரி மாநிலத்தின் ஹிரோசாகி கோட்டைப் பூங்கா. சுமார் 2,600 மரங்கள். இது ஆப்பிள் விளையும் நாடு. ஆப்பிள் மரத்தைக் கவாத்து செய்யும் முறையையே சகுராவுக்கும் பயன்படுத்துகிறார்கள். அதனால் ஒரு மொட்டிலிருந்து வரும் பூக்களின் எண்ணிக்கை மற்ற ஊர்களைவிட அதிகம். கிளை தெரியாமல் பூ மூடிவிடும். 1882-இல் நட்ட சோமேய் யோஷினோ இன்றும் பூக்கிறது.

டோக்கியோவிலிருந்து ஷின்-அவோமோரி வரை ஷின்கான்சென் மூன்றேகால் மணி நேரம், அங்கிருந்து ஓவு ரயில் தடத்தில் முக்கால் மணிக்குள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை நாடே விடுமுறையில் இருக்கும். ஹிரோசாகியில் அறை கிடைக்காது. அவோமோரி நகரில் தங்கிப் போய்வாருங்கள். இங்கே மன்காயைத் தவறவிட்டாலும் பரவாயில்லை. நான்கைந்து நாள் கழித்து வெளி அகழி முழுவதும் உதிர்ந்த இதழ் மூடி, நீரே தெரியாமல் ரோஜா நிறப் பாய் விரித்ததுபோல் ஆகும். ஹனாயிகாடா என்பார்கள், பூத்தெப்பம். பூவின் நடுப்பகுதி சிவந்திருந்தால் அந்த மரம் உதிரப் போகிறது என்று அர்த்தம். மேலே அந்தச் சிவப்பு தெரியத் தொடங்கியதும் பார்வையைத் தண்ணீர்ப் பக்கம் திருப்புங்கள்.