பாலம் அங்கே இல்லை: படம் பிடித்த இடங்களைப் பார்க்கப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் லீவு வந்தால் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வான் பிடித்து மலைநாட்டுக்குப் போகும் குடும்பங்கள் அதிகம். மாமாங்கத் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர்களும் கூட வருவார்கள். அவர்களில் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: "அந்த இங்கிலீஷ் படம் எடுத்த பாலம் இஞ்சதானே எங்கேயோ இருக்கு? போற வழியில பார்ப்பமா?" பார்க்கலாம். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியாமல் போனால் வான் கூலியும் ஒரு பகலும் வீண்.

அவர்கள் கேட்கிற பாலம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் உள்ள கிதுல்கலவில் இருந்தது. 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' படத்துக்காக இயக்குநர் டேவிட் லீனின் குழு களனி கங்கைக்குக் குறுக்கே மரத்தால் ஒரு முழுப் பாலத்தையே கட்டியது. 1957 மார்ச்சில், கமராக்கள் ஓடிக்கொண்டிருக்க, அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாலம் தகர்வதுதான் படத்தின் உச்சக்காட்சி. முதல் தடவை வெடி வெடிக்கவில்லை, ரயில் பாலத்தைக் கடந்துபோய் மறுகரையில் தடம்புரண்டது. ரயிலைத் திரும்பத் தூக்கி நிறுத்தி மறுபடி எடுத்தார்கள். அத்தோடு பாலத்தின் கதை முடிந்தது. இன்று அங்கே போனால் பாறை, தண்ணீர், பச்சை மலை, கரையோரத்தில் பாலத்துக்குப் போட்ட கொங்கிரீட் அத்திவாரத்தின் மிச்சம், இவ்வளவுதான் இருக்கும். "எங்கே பாலம்?" என்று கேட்டு, இரண்டு நிமிடம் நின்று, முகம் சுருங்கி வானுக்குத் திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம்.

முதல் தவறு இது. படத்தில் வந்த பொருளைத் தேடிப் போவது. சினிமாவுக்காகக் கட்டியவை பெரும்பாலும் நிற்பதில்லை. தகர்க்கப்படும், கழற்றப்படும், மழையில் உக்கிப்போகும். நிலம் அப்படியல்ல. அதனால் தேட வேண்டியது கமரா நின்ற இடத்தை. போகுமுன் அந்தக் காட்சியை ஒரு தடவை பாருங்கள். பின்னால் தெரியும் மலைமுகட்டின் வடிவம், ஆறு வளையும் பக்கம், பெரிய பாறைகள் ஆகியவற்றைக் கவனித்து, இரண்டு மூன்று படங்களை ஃபோனில் சேமித்து வையுங்கள். பள்ளத்தாக்குக்குள் சிக்னல் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். மரங்கள் அறுபது எழுபது வருடத்தில் ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிடும், முகட்டுக்கோடு மாறாது. அந்தக் கோடு ஃபோனில் உள்ளதோடு பொருந்துகிற இடத்துக்கு வரும்வரை நடந்து பாருங்கள். பொருந்திய அந்த நேரம் உண்மையிலேயே மெய்சிலிர்க்கும். சிறு பிள்ளைகளுக்கும் இது நல்ல விளையாட்டு. ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸில் மலை பக்கத்தில் வந்து நிற்கும், அகன்ற லென்ஸில் சின்ன இடமும் மைதானமாகத் தெரியும். "படத்தில் பார்த்ததை விடச் சின்னது" என்று பிள்ளைகள் சொன்னால் அவர்கள் பார்த்ததில் பிழையில்லை.

அடுத்த தவறு, கதை நடந்த இடத்தையும் படம் பிடித்த இடத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. க்வாய் ஆறு தாய்லாந்தில் இருக்கிறது. காஞ்சனபுரியில் ரயில் ஓடுகிற உண்மையான பாலம் இன்றும் நிற்கிறது, அது இரும்பாலானது. படத்தில் வரும் மரப்பாலமும் அதைச் சுற்றிய சம்பவங்களும், படத்துக்கு மூலமான நாவலை எழுதியவரும் படக்குழுவும் கற்பனை செய்தவை. அந்தப் படத்திலேயே இராணுவ ஆஸ்பத்திரியாக வருவது கல்கிசையில் உள்ள மவுண்ட் லவினியா ஹோட்டல், கிதுல்கலவில் அதைத் தேடினால் கிடைக்காது. ஒரு படம் ஒரே ஊரில் எடுக்கப்படுவது அபூர்வம்.

இந்தக் குழப்பத்தில் நாங்கள் தவறவிடுகிற பெரிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் யப்பானியர் போட்ட அந்த ரயில்பாதையை 'சயாம் மரண ரயில்' என்று மலேசியத் தமிழர் இன்றும் சொல்கிறார்கள். மலாயா இறப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்தும் ஏமாற்றியும் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் அந்தக் காட்டில் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். படத்தில் அவர்களுடைய கதை இல்லை, பிரிட்டிஷ் கைதிகளின் கதைதான் இருக்கிறது. கிதுல்கலவில் பிள்ளைகளோடு நிற்கும்போது வெடிவைத்த கதையை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். இதையும் சொல்லுங்கள். ஒரு படம் எதைக் காட்டியது, எதை விட்டது என்று பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

எங்களைப் பற்றிய படங்களுக்கும் இது பொருந்தும். கான் விழாவில் 2015இல் பெரிய விருது வாங்கிய 'தீபன்' இலங்கையில் தொடங்கும் கதை, ஆனால் அந்தக் காட்சிகள் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டவை. கனடாவிலிருந்து வந்த மருமகன் அந்த இடத்தை வன்னியில் காட்டச் சொன்னால், இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

கிதுல்கல எங்களுக்குத் தூரம், ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணமல்ல. கண்டியில் தங்கி, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக இறங்குவது நல்லது. அப்படிப் போகிறவர்கள் கண்டிக்கு முன்னமே இன்னொரு இடத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். மஹியங்கனை ஏறி, பதினெட்டு வளைவு தாண்டி, தெல்தெனிய, திகன பக்கம் வரும்போது தெரிகிற தண்ணீர் விக்டோரியா நீர்த்தேக்கம். 1984இல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' படத்தின் தொங்குபாலம் அந்த அணை வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் அதன் பக்கத்தில்தான் கட்டப்பட்டது. அணை கட்டிக்கொண்டிருந்த பொறியியலாளர்களே பாலத்துக்கும் உதவினார்கள். அதையும் படப்பிடிப்பிலேயே அறுத்து விழுத்தினார்கள். படத்தில் வரும் அரண்மனையின் தூரத்துத் தோற்றம் தீட்டப்பட்ட ஓவியம், பாதாளக் கோயில் இங்கிலாந்து ஸ்டூடியோவில் போட்ட செட். கதையோ இந்தியாவில் நடப்பது! அங்கே அனுமதி சரிவராததால்தான் இங்கே வந்தார்கள். ஆகவே கண்டியில் இறங்கி "அந்த அரண்மனை எங்கே?" என்று ஓட்டோக்காரரைக் கேட்டால் அவர் உங்களைத் தலதா மாளிகைக்குத்தான் கொண்டுபோவார். அணைப் பகுதி பாதுகாப்புக்கு உட்பட்டது. காவலில் நிற்பவர் படம் எடுக்க வேண்டாம் என்றால் ஃபோனை உள்ளே வையுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

சரி, எப்போது போவது? கிழக்கில் இருக்கிற நாங்கள் அதிகமாகப் பிழைவிடுவது இதில்தான். எங்களுக்கு மழை என்றால் மாரி, கார்த்திகை மார்கழி. ஆகஸ்டில் வயல் வெடித்துக் கிடக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு, குடையும் இல்லாமல் ரப்பர் செருப்போடு கிதுல்கலவுக்குப் போகிறார்கள். அங்கே தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை கொட்டுகிறது, நாட்டிலேயே மழை கூடிய பக்கங்களில் அதுவும் ஒன்று. பாதை வழுக்கும், அட்டை ஏறும், ஆறு கலங்கி அத்திவாரக் கல்லை மூடிவிடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரையான காலம்தான் பொருத்தம். படக்குழு பாலத்தைத் தகர்த்ததும் மார்ச்சில்தான். லீவு ஆகஸ்டில்தான் என்றால் காலையிலேயே இறங்கிவிடுங்கள், பின்னேரத்தில் மழை கூடும். உப்பும் சவர்க்காரமும் பையில் இருக்கட்டும், அட்டைக்கு அதுதான் மருந்து.

ஆற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாவியிலும் கடலிலும் வளர்ந்த பிள்ளைகள் தண்ணீருக்குப் பயப்படமாட்டார்கள். ஆனால் மலை ஆறு வேறு. மேலே நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. அவை தண்ணீரைத் திறந்தால், வானம் வெளித்திருக்கும்போதே மட்டம் ஏறும். நடு ஆற்றுப் பாறையில் நின்று படம் எடுக்கப்போய் உயிர்போன சம்பவங்கள் இந்த நாட்டு ஆறுகளில் எத்தனையோ. ஊர்க்காரர் ஒருவர் "இறங்காதீங்க" என்று கையைக் காட்டினால் மொழி புரியாவிட்டாலும் கேளுங்கள்.

வழிகாட்டி வேண்டுமா, தனியாகப் போகலாமா? கிதுல்கலவில் ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்திலேயே யாராவது ஒருவர் "நான் காட்டுறேன்" என்று கூட நடக்கத் தொடங்குவார். இதில் இரண்டு விதமாகவும் பிழை விடுகிறோம். சிலர் விரட்டிவிடுகிறார்கள். அத்திவாரம் தண்ணீருக்குள் எந்தப் பக்கம் இருக்கிறது, இன்றைக்கு ஆற்றின் நிலைமை என்ன என்று அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. சிலர் காசு பேசாமலே கூட்டிப்போய், மேலே வந்த பிறகு சண்டை பிடிக்கிறார்கள். முதலிலேயே எவ்வளவு என்று கேட்டு ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போது என்ன மிச்சம் இருக்கு?" நேர்மையானவர், "பாலம் இல்லை, அத்திவாரம்தான்" என்பார். "எல்லாம் இருக்கு, வாங்க" என்பவரோடு போக வேண்டாம். சிங்களம் பேசத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டாலும் கினிகத்தேனைப் பக்கத்தில் தோட்டத் தமிழர் இருக்கிறார்கள், கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டே விசாரிக்கலாம். பெரிய சுற்றுலாவாக ஒழுங்கு செய்தால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதி அட்டை உள்ள வழிகாட்டியா என்று பாருங்கள். என் எண்ணத்தில், காட்டுக்குள்ளும் ஆற்றோரத்திலும் உள்ள இடங்களுக்கு உள்ளூர் ஆள் அவசியம். நகரத்துக்குள் உள்ள இடங்களுக்கு நீங்களே போதும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பொலன்னறுவை இருக்கிறது, உதயதேவி ரயிலில் ஏறினாலே போதும். 2015இல் வந்த டிஸ்னியின் 'மங்கி கிங்டம்' ஆவணப்படத்தில் வரும் குரங்குகள் அந்த இடிபாடுகளுக்குள் வாழும் செங்குரங்குகள். கட்டினவை இடிந்துபோன பிறகும் நடிகர்கள் உயிரோடு திரிகிற படப்பிடிப்பு இடம் அது! அங்கே செய்யக்கூடாதது, படத்தில் பார்த்த ஆசையில் பிஸ்கட் நீட்டுவது. பையைப் பறிக்கும், கடிக்கும், கடித்தால் விசர்நாய்க்கடி ஊசிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும். அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள், உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் நுழைவுக் கட்டணம் வேறு வேறு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்த சித்தப்பாவுக்கு அது வாசலில் அதிர்ச்சியாக இருக்கும், முன்னமே சொல்லிவிடுங்கள்.

பாட்டு வீடியோவில் வந்த மாதிரியே தாங்களும் நிற்க வேண்டும் என்று புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது இன்னொரு தவறு. 2012இல் சிலைக்கு முத்தமிடுவது போலப் படம் எடுத்த பிரெஞ்சுப் பயணிகளுக்கு நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. 2015இல் சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் பெயர் கிறுக்கியதற்காக எங்கள் மாவட்டத்துப் பெண் ஒருவர் மறியலுக்குப் போனார். இரண்டு வருடத் தண்டனை, ஜனாதிபதி மன்னிப்பு வழங்கிய பிறகே வெளியே வந்தார். வேலைக்குப் போய் வீட்டைப் பார்க்கிற ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய இடி. சுவரில் கை வைக்க வேண்டாம் என்று பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்லியிருந்தால் போதும். கூட்டிப்போகிற பெரியவர்கள் தயவுசெய்து சொல்லிக் கொடுங்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், தொல்பொருள் இடங்களில் கலியாண ஷூட்டிங் செய்யவும் தனி அனுமதி வேண்டும். எடுத்துவிட்டுக் கேட்பது பழக்கமாகிவிட்டது, அது பிழை.

கடைசியாக எங்கள் ஊர். இப்போது மட்டக்களப்புப் பிள்ளைகள் எடுக்கிற குறும்படங்களையும் பாடல்களையும் பார்த்துவிட்டு, கல்லடிப் பழைய பாலம், பாலமீன்மடு வெளிச்சவீடு, கோட்டை என்று தேடி வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் கல்லடியிலும் நாவலடியிலும் விடியற்காலை கரைவலை இழுக்கும்போது வலைக் கயிற்றைத் தாண்டிப் போய் 'ஃபிரேம்' தேடாதீர்கள். அது அவர்களுடைய அன்றைய சாப்பாடு. கயிற்றுக்கு வெளியே நின்று, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டுவிட்டு எடுங்கள், அனேகமாக "எடுங்க தம்பி" என்றுதான் சொல்வார்கள். நாவலடியில் இடிந்து கிடக்கும் சுவர்களைக் காதல் பாட்டுக்குப் பின்னணியாக வைப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: 2004 மார்கழியில் கடல் வந்தபோது அந்தச் சுவர்களுக்குள் ஆட்கள் இருந்தார்கள், அவர்களின் உறவுகள் இன்றும் அதே தெருவில் இருக்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டுமென்றால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அது யாருடைய வளவு என்று முதலில் விசாரியுங்கள். வேண்டாம் என்றால் வேறு இடம் பாருங்கள், இந்தக் கரையில் இடத்துக்குக் குறைவில்லை.