ஆம்ஸ்டர்டாமில் பூனைகளுக்காக ஒரு நாள்: ஓவியக்கூடமும் படகுக் காப்பகமும் பார்ப்பது எப்படி

நல்ல ஓவியங்களைப் பார்க்கணும், பூனைகளோடு கொஞ்ச நேரம் உட்காரணும், மனசுக்குப் பிடித்த ஒன்று அமைந்தால் வீட்டுக்கும் கூட்டி வரணும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நாளை ஒதுக்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹேரன்கிராக்ட் கால்வாய்க்கரையில் இருக்கும் கட்டன்கபினெட் பூனைக் கலைக்கென்றே இருக்கும் அருங்காட்சியகம். அங்கே உயிருள்ள பூனைகளும் நடமாடும், ஆனால் அவை அந்த வீட்டுப் பூனைகள், தத்துக்குக் கிடையாது. தத்தெடுக்கக் கிடைக்கும் பூனைகள் இருப்பது சிங்கல் கால்வாயில் மிதக்கும் பூசன்போட் என்ற படகுக் காப்பகத்தில். இரண்டுக்கும் நடுவே நிதானமாக நடந்தாலே அரை மணி நேரத்துக்குள்தான், அதனால் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

படி 1: எந்த நாள், எந்த வரிசை

முதலில் படகு, அப்புறம் அருங்காட்சியகம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து ஏமாறுகிறார்கள். படகு பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது மதியம் கொஞ்ச நேரம்தான், அதுவும் வாரத்தில் எல்லா நாளும் கிடையாது. அருங்காட்சியகமோ அதற்குப் பிறகும் திறந்திருக்கும். நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் இங்கே எழுதவில்லை. கிளம்பும் நாள் காலையில் இரண்டின் இணையதளத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், முன்பதிவு கேட்கிறார்களா என்பதையும் சேர்த்து. படகுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிற இடம், அதனால் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் உண்டு.

படி 2: போய்ச் சேர்வது

ஸ்கிப்போல் விமான நிலையத்திலிருந்து சென்ட்ரால் ரயில் நிலையத்துக்குக் கால் மணி நேரப் பயணம், அங்கிருந்து சிங்கல் 38ஆம் எண்ணுக்கு நடந்தே போகலாம். பக்கத்து ஊரான ஆம்ஸ்டல்வேனில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு 25ஆம் எண் டிராமில் ஸௌட் நிலையம் வந்து, அங்கிருந்து சென்ட்ராலுக்கு 52ஆம் எண் மெட்ரோ பிடிப்பது சுலபம். வங்கி அட்டையையே கருவியில் தட்டிவிட்டு ஏறலாம். இறங்கும்போதும் தட்ட மறக்காதீர்கள், மறந்தால் கட்டணம் கூடுதலாகப் போய்விடும்.

படி 3: போகும் முன் உங்களைத் தயார் செய்வது

பூனை ஒவ்வாமை உள்ளவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒவ்வாமைக்குக் காரணம் முடி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது முடியில் ஒட்டி, காய்ந்து, காற்றில் பறக்கிறது. படகின் உள்ளே இடம் குறுகல், பூனைகள் அதிகம், அதனால் முன்பு தும்மலோடு நின்றது அங்கே மூச்சுத்திணறலாகவும் ஆகலாம். மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வைத்துக்கொண்டு போங்கள், ஆஸ்துமா இருந்தால் படகை விட்டுவிட்டு அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

உடை விஷயத்தில், நூல் தொங்கும் துப்பட்டா, குலுங்கும் வளையல் எல்லாம் வேண்டாம். வாசனைத் திரவியமும் அளவோடு. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் திரும்பி வந்ததும் கையைக் கழுவி, உடை மாற்றிவிட்டு உங்கள் பூனையைத் தொடுங்கள்.

படி 4: படகில்

1966இல் ஹென்ரியட் வான் வேல்டே என்ற பெண்மணி, தன் வீட்டுக்கு எதிரே மரத்தடியில் ஒண்டியிருந்த ஒரு பூனைக் குடும்பத்தை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான், ஊரில் யாருக்குப் பூனை வேண்டாமென்றாலும் அவர் வீட்டு வாசல்தான் என்று ஆகிவிட்டது. வீடு நிறைந்து, தோட்டம் நிறைந்து, இனி இடமில்லை என்ற நிலையில் அவர் பார்வை எதிரே இருந்த கால்வாயின் மேல் விழுந்தது. ஆம்ஸ்டர்டாமில் மனிதர்களே படகு வீடுகளில் வாழ்கிறார்கள், பூனைகள் ஏன் கூடாது? 1968இல் பழைய சரக்குப் படகு ஒன்றை வாங்கி உள்ளே இருந்ததையெல்லாம் அகற்றிப் பூனைகளைக் குடியேற்றினார். அதுவும் நிறைந்துவிட, 1971இல் இரண்டாவது படகு. 1987இல் இது முறைப்படி பதிவான அறக்கட்டளை ஆனது.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால் படகின் நெருக்கடி உங்களுக்கு வேறு மாதிரி தெரியும். கூண்டுகளில் இருப்பவை பெரும்பாலும் புதிதாக வந்தவையோ உடல்நிலை சரியில்லாதவையோதான், அவற்றின் கம்பிக்குள் விரல் விடாதீர்கள். வெளியே திரிபவற்றில் சில, மனிதர்களோடு ஒத்துப்போகாமல் இந்தப் படகையே நிரந்தர வீடாக்கிக்கொண்டவை. எவை தத்துக்கு, எவை இல்லை என்று அங்கிருக்கும் தன்னார்வலர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேட்காமல் ஒன்றின் மேல் மனசை வைத்துவிடாதீர்கள்.

எப்படிப் பழகுவது என்று கேட்டால், பழகவே முயற்சி செய்யாதீர்கள் என்பேன். ஒரு ஓரமாகக் குந்தி உட்காருங்கள், உயரமாக நின்றுகொண்டு மேலிருந்து கையை இறக்காதீர்கள், அது பூனைக்குப் பருந்து இறங்குகிற மாதிரிதான். ஒரு விரலைப் பூனையின் மூக்கு மட்டத்தில் நீட்டி அப்படியே வைத்திருங்கள். விருப்பமிருந்தால் அது வந்து முகர்ந்து, கன்னத்தை விரலில் தேய்க்கும், அதற்குப் பிறகு கன்னத்திலும் காதுக்கு முன்னாலும் மெதுவாகத் தடவலாம். வயிற்றைக் காட்டிப் படுத்தால் உடனே வயிற்றைத் தொட்டுவிடாதீர்கள். அது நம்பிக்கைதான், அழைப்பு இல்லை. வாலின் நுனி மட்டும் சட் சட்டென்று ஆடுகிறதா, காதுகள் பக்கவாட்டில் மடங்குகின்றனவா, முதுகுத் தோல் அலை மாதிரி ஒரு முறை சிலிர்க்கிறதா, அப்போதே கையை எடுத்துவிடுங்கள். அடுத்தது நகம்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடுமா என்று நாம் கேலி பேசுவோம். ஆனால் உங்களைப் பார்த்தபடியே கண்ணைப் பாதி மூடி மெதுவாகத் திறக்கிற பூனை உங்களால் தனக்கு ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்களும் அதே மாதிரி செய்து பாருங்கள். 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, மெதுவாகக் கண் சிமிட்டிய ஆட்களிடம் பூனைகள் அதிகம் நெருங்கி வந்ததைக் காட்டினார்கள்.

ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். கையில் எதையும் ஊட்ட வேண்டாம். தூங்குகிற பூனையை எழுப்பாதீர்கள், குழந்தைகளுக்கு இதை வெளியிலேயே சொல்லி அழைத்துப் போங்கள்.

படி 5: நடந்து போகும் வழியில்

சிங்கல் கரையோடே தெற்கே நடந்தால் மிதக்கும் பூச்சந்தை வரும். பூனையை வீட்டில் வைத்திருப்பவர்களும் எடுக்கப் போகிறவர்களும் இங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். லில்லி பூனைக்குக் கொடிய விஷம், பூவோ இலையோ வேண்டாம், முடியில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். துலிப் கிழங்கும் ஆகாது.

படி 6: கட்டன்கபினெட்

ஹேரன்கிராக்ட் 497, 1667இல் கட்டிய செல்வந்தர் வீடு. பாப் மைய்யர் என்பவர் தன் சிவப்பு நிறக் கடுவனின் நினைவாக 1990இல் இதைத் தொடங்கினார். அந்தப் பூனைக்கு அமெரிக்க வங்கி முதலாளியின் பெயரை, ஜான் பியர்பான்ட் மார்கன் என்றே வைத்திருந்தார். அது வாழ்ந்த காலத்தில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பிறந்தநாள் பரிசாக அதற்கு ஒரு கலைப்பொருள்: ஓர் ஓவியம், அப்புறம் ஒரு வெண்கலச் சிலை என்று. அதன் முகம் பதித்த ஒரு டாலர் நோட்டும் உண்டு. அசல் நோட்டில் கடவுளை நம்புகிறோம் என்று இருக்கும் இடத்தில், நாயை நம்ப மாட்டோம் என்று அச்சடித்திருக்கிறார்கள். நண்பர்கள் சேர்ந்து ஒரு பூனைக்கு இவ்வளவு செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது, ஊரிலிருந்த பெரிய அருங்காட்சியகங்களை விட்டுவிட்டு இங்கே வந்ததற்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எல்லாச் சட்டகத்தையும் வரிசையாகப் பார்த்து முடிக்க வேண்டும் என்று ஓடாதீர்கள். ஸ்டைன்லென் என்ற ஓவியர் வரைந்தவற்றின் முன்னால் நில்லுங்கள். பாரிஸின் கருப்புப் பூனை கேளிக்கை விடுதிக்காக அவர் 1896இல் வரைந்த சுவரொட்டியை நீங்கள் ஏற்கெனவே எங்காவது காபிக் கடையில் பார்த்திருப்பீர்கள். குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று நாம் திரும்பி நடக்கிற அதே கருப்புப் பூனை அங்கே தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு உட்கார்ந்திருக்கும். ஹென்ரியட் ரோனர்-க்னிப் வரைந்த பூனைகளையும் தேடிப் பாருங்கள், 19ஆம் நூற்றாண்டு வீட்டுக் கூடத்துப் பூனைகள். படகில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் அந்தக் காது மடலின் கோணம் எவ்வளவு சரியாக வந்திருக்கிறது என்று தெரியும். படகை முதலில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நாற்காலியில் ஏதாவது சுருண்டிருந்தால் உட்காரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், அது மெத்தையாக இல்லாமலும் இருக்கலாம்.

படி 7: தத்தெடுக்க மனம் வந்தால்

அன்றைக்கே முடிவெடுக்காதீர்கள். மதில்மேல் பூனையாக ஒரு வாரம் இருப்பதில் தப்பே இல்லை. அதற்குள் வாடகை ஒப்பந்தத்தில் வளர்ப்புப் பிராணிக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். காப்பகங்களில் வழக்கமாகக் கேட்பவை: வீட்டில் யார் யார், குழந்தைகள் எத்தனை வயது, ஏற்கெனவே பிராணி உண்டா, ஒரு நாளில் பூனை எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், பால்கனி திறந்ததா. உண்மையைச் சொல்லுங்கள், அவர்கள் உங்களை மடக்கப் பார்க்கவில்லை, பொருத்தம் பார்க்கிறார்கள். தத்துத் தொகை ஒன்று வாங்குவார்கள், தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப், தடுப்பூசி, கருத்தடை ஆகியவற்றுக்கு அவர்கள் செய்த செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை.

குட்டிதான் வேண்டும் என்று நிற்காதீர்கள். குட்டிகளைக் கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கும். எட்டு வயதுப் பூனையின் குணம் இன்னதென்று தன்னார்வலர்களுக்கே தெரியும், காலையிலிருந்து மாலை வரை வேலைக்குப் போகிறவருக்கு அதுதான் தோது.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே யோசியுங்கள். இந்தியாவுக்குள் பூனையைக் கொண்டுவர சிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, கால்நடைத் தொற்றுத்தடுப்புத் துறையின் அனுமதி, விமான நிறுவனத்தின் சம்மதம் எல்லாம் வேண்டும், பல மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முழு வீட்டையும் திறந்துவிடாதீர்கள். ஒரே அறை, ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர்மூலையில் தண்ணீரும் உணவும், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி போதும். முதல் சில நாள் கட்டிலுக்கடியிலேயே கிடக்கும், இழுத்து வெளியே எடுக்க வேண்டாம். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பூனை என்றால் பால் என்ற நம் பழக்கத்தை மறந்துவிடுங்கள், வளர்ந்த பூனைகளில் நிறையவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுத்தாலும் கூடாது; தனியாக வேகவைத்து, உப்பில்லாமல், முள் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.