நத்தை ஓட்டு மீன்கள்: தொட்டிக்குள் கையை விடாதீர்கள்

மல்டி என்ற குட்டி நத்தை ஓட்டு மீனை வாங்கிய புதியவர்கள் தொட்டியைப் படம் எடுத்து அனுப்பி, "சரியா இருக்காண்ணா?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளெல்லாம் அந்தப் படங்களில் அப்படியே இருக்கும். குளோரின் போக்குவது, புது ஃபில்டரைப் பழக்குவது எல்லா மீனுக்கும் பொது, அவற்றை விட்டுவிடுகிறேன். இது ஓட்டுக்குள் குடியிருக்கும் சிக்லிட் வகை மீன்களுக்கு மட்டும். கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு.

ஆர்.ஓ. தண்ணீர்

வேண்டாம். இவை ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி மீன்கள். அங்கே தண்ணீர் காரத்தன்மை உள்ளது, பி.எச். 9-ஐ ஒட்டியே இருக்கும். குழாயில் வெள்ளை படிகிறதே என்று நாம் சலித்துக்கொள்ளும் போர் தண்ணீர் பெரும்பாலும் இவற்றுக்கு ஒத்துப்போகும். சோதித்துவிட்டு ஊற்றுங்கள்.

ஒரு மீனுக்கு ஒரு ஓடு

ஏரியில் நியோத்தோமா என்ற நத்தை செத்தால் ஓடு எளிதில் கரைவதில்லை. தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்புச் சத்து. பல நூற்றாண்டு ஓடுகள் படுகை படுகையாகக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட இடத்து மீனுக்கு எண்ணி ஓடு வைத்தால் அடிதடிதான். மீனுக்கு மூன்று ஓடாவது வையுங்கள். நம் வயல் நத்தை ஓடே நன்றாகப் பொருந்தும். வேகவைத்து, உள்ளே துளிச் சதைகூட இல்லாமல் கழுவிப் போடுங்கள். பெயிண்ட் அடித்த கடல் சங்கு கூடாது.

கூழாங்கல்

வேண்டாம். பொடி மணல் போடுங்கள், இரண்டு அங்குலம்.

ஓட்டை எடுத்துக் கழுவுவது

இதை மட்டும் இன்றுவரை என்னால் பொறுக்க முடிவதில்லை.

ஒரு தம்பி நன்றாகவே வளர்த்துவந்தார். மல்டிகள் பெருகி, பெரிதும் சிறிதுமாக ஒரே இடத்தில் மூன்று தலைமுறை இருந்தது. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த கையோடு தொட்டியிலும் இறங்கிவிட்டார். ஓடுகளை வாளியில் அள்ளி, குழாயடியில் அலசி, மணலைச் சமமாகத் தட்டி, வரிசையாக அடுக்கினார். மறுநாள் போன்: "பெரிய ஆண் எல்லாத்தையும் விரட்டிட்டே இருக்குண்ணா, என்ன மருந்து போடலாம்?" மருந்துக்கு அங்கே என்ன வேலை?

மணலில் தெரியும் பள்ளங்கள் அழுக்கோ அலங்கோலமோ அல்ல. மூன்று, நான்கு சென்டிமீட்டர் மீன் வாய் வாயாக மணலை அள்ளித் துப்பித் தோண்டியவை. ஆணின் எல்லைக்குள் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி இடம், தனி ஓடுகள்; நடுவில் வரப்புபோல மணல்மேடு. சமமாக்கினால் அத்தனை எல்லையும் அழிந்து, சண்டை முதலிலிருந்து தொடங்கும்.

காலியாகத் தெரியும் ஓடும் காலியல்ல. முட்டை உட்சுருளில் ஒட்டியிருக்கும். குஞ்சு வாசலுக்கு வர ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். குழாயடியில் போனது அந்தக் குஞ்சுகள்தான். திரும்பப் போட்ட ஓட்டின் சுருளிலும் காற்று அடைத்துக்கொள்ளும். எந்தப் பெண் எந்த ஓட்டில், எந்தக் குஞ்சு எதன் பக்கம் மேய்கிறது என்று மாதக்கணக்கில் பார்த்து வைத்திருந்ததும் அன்றோடு போயிற்று. இந்த மீனை வளர்ப்பதே அதைப் பார்க்கத்தானே!

ஒசெல்லாட்டஸ் என்ற இன்னொரு ஓட்டு மீனை வளர்ப்பவர்கள் வேறு விதமாக இதையே செய்கிறார்கள். அது ஓட்டின் வாய் மட்டும் தெரியும்படி ஓட்டை மணலில் புதைக்கும். "மூடிப்போச்சே" என்று இவர்கள் இழுத்து வெளியே வைப்பார்கள். அது மறுபடி புதைக்கும், இவர்கள் மறுபடி இழுப்பார்கள்.

வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். சைஃபன் குழாய் மணலுக்கு ஒரு விரல் மேலே நிற்கட்டும். ஓட்டில் பாசி படிந்தால் படியட்டும்.

கூடவே ஏஞ்சல் மீன்

குஞ்சு மிஞ்சாது.

பிறருக்குக் குஞ்சு கொடுக்க ஓட்டைக் குடைவது

குச்சி, கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். குடியிருப்புக்கு வெளியே, எல்லை ஓரமாக இரண்டு ஓடு வையுங்கள். வளர்ந்த குட்டிகள் இடம் தேடி அங்கே போகும். அந்த ஓட்டை மட்டும் எடுத்து, தொட்டித் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்துக்கு மேல் வாய் கீழாகப் பிடியுங்கள். தண்ணீர் வடிய வடிய மீனும் இறங்கும். இறங்காவிட்டால் ஓட்டோடு கொடுத்துவிடுங்கள்.