பாவ்லோவின் மணியைத் தேடிப் போங்கள்

உளவியல், உயிரியல் இரண்டின் வரலாற்றையும் ஆராய ஆசைப்பட்டு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தப் பெரிய புத்தகத்திலிருந்து தொடங்குவது என்பதுதான். பெரிய புத்தகம் இருக்கட்டும். பாடநூலில் எல்லோரும் ஒப்பிக்கிற ஒரே ஒரு வரியை எடுத்து, அது முதலில் எழுதப்பட்ட தாள்வரை பின்னோக்கி நடந்து போங்கள்.

நான் எடுத்தது ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவின் மணி. உணவு தரும்போதெல்லாம் மணியடித்துப் பழக்கினால், பிறகு மணியடித்தாலே நாய்க்கு எச்சில் ஊறும் என்று விலங்கியல் வகுப்பில் பல ஆண்டுகள் நானே சொல்லிக்கொடுத்தவள். தேடிப் போனால் அவர் சோதனைகளில் பயன்படுத்தியவை மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக் கருவி), பஸ்ஸர், ஹார்மோனியம், மின்னதிர்ச்சி என்று பட்டியல் நீள்கிறது; மணி எப்போதாவதுதான் தலைகாட்டுகிறது. 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் செரிமான ஆய்வுக்காகத்தான். உளவியலார் கொண்டாடும் அவர் தம்மை உடலியலாளராகவே கருதினார். இரு துறைகளும் உரசும் இப்படிப்பட்ட இடத்தில்தான் நமக்கு வேலை.

அடுத்தது மொழி. இதில் குறுக்குவழி கிடையாது. என் முதல் கட்டுரையில், பாவ்லோவ் நாயிடம் கண்ட எதிர்வினையைக் குறிக்கும் 'கண்டிஷண்டு' (பழக்கப்படுத்தப்பட்ட) என்ற ஆங்கிலச் சொல்லை நம்பி ஒரு வாதமே கட்டியிருந்தேன். ரஷ்ய மூலத்தைப் பார்த்தீர்களா என்று மதிப்பாய்வாளர் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். மூலத்தில் இருப்பது 'உஸ்லோவ்னி': நிபந்தனைக்கு உட்பட்டது என்று பொருள். பழக்கி முடித்துவிட்ட ஒன்று என்ற சாயல் அதில் இல்லை. முப்பத்தெட்டு வயதில் ரஷ்ய அகரவரிசை எழுதிப் பழகினேன். உங்கள் வரி ஜெர்மனிக்கு இட்டுச்சென்றால், பழைய 'குர்ரெண்ட்' கையெழுத்தையும் படிக்கத் தெரிய வேண்டும்.

ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் காப்பாளருக்கு எழுதி, எந்தப் பெட்டிகள் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பென்சில் மட்டும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு கோப்பிலும் முதல் படமாக அதன் பெட்டி எண்ணையே எடுங்கள். நான் எடுக்காமல் விட்டதால் நானூறு படங்கள் ஊர்பேர் தெரியாமல் கிடந்தன. மறுபடி போக வேண்டியதாயிற்று.

எழுதிய தேதியையும் அச்சான தேதியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டார்வின் தம் குழந்தையைப் பற்றி 1877இல் வெளியிட்ட கட்டுரை, மூத்த மகன் பிறந்த 1839 முதல் எழுதிவந்த குறிப்புகளிலிருந்து வந்தது. அச்சான ஆண்டை மட்டும் பார்த்தால் 1859க்குப் பிந்தைய சிந்தனை என்று தோன்றும். உண்மையில், உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வெளிவருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே அவர் தொட்டிலருகே குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்தார்.

வேலை விஷயத்தில் பூசி மெழுக மாட்டேன். உளவியல் துறை உங்களை வரலாற்றாளர் என்னும். வரலாற்றுத் துறை அறிவியல்காரர் என்னும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான். அறிவியல் வரலாற்றுக்கென்று தனித்துறை இருக்கும் பல்கலைக்கழகங்களை முதலில் பாருங்கள். உளவியல் துறையிலேயே இடம் கிடைத்தால், புள்ளியியல் பாடம் எடுக்கவும் தயாராக இருங்கள். நான் பதினோரு ஆண்டுகள் எடுத்தேன்.

இன்னமும் வகுப்பில் 'மணி' என்று வாய்தவறி வந்துவிடுகிறது. முன்வரிசையில் யாராவது 'மெட்ரோனோம்' என்று திருத்துகிறார்கள்.