பழைய எஸ்டீம் இன்ஜினை டர்போ தாங்கும்படி குறைந்த செலவில் கட்டுவது எப்படி

கோவை கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். டர்போ (புகை வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) போட வேண்டும் என்று வருகிற தம்பிகள் முதலில் கேட்பது, “அண்ணா, ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு எவ்வளவு ஆகும்?” என்றுதான். ஃபோர்ஜ்டு என்றால் அழுத்தி அடித்துச் செய்த, உறுதி கூடியது. அந்தப் பிஸ்டனும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடும் வெளியிலிருந்து வரவழைத்தால் ஒரு பழைய மாருதி எஸ்டீம் காரின் விலையையே தாண்டிவிடும். குறைந்த டர்போ அழுத்தத்தில் ஓட்டும் இன்ஜினை உடைப்பது நாக்கிங்கும் (சூட்டில் கலவை தானாக வெடித்துத் தட்டுவது) சூடும்தான். கையில் இருக்கும் பணம் முதலில் அந்த இரண்டையும் அடக்கப் போகட்டும்.

நான் கட்டியது ஜி13பிபி. 16 வால்வு எஸ்டீமிலும் ஜிப்ஸி கிங்கிலும் வந்த அதே இன்ஜின். 1298 சி.சி., போர் (சிலிண்டர் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 75.5 மி.மீ. எஸ்டீமில் 85 குதிரைத்திறன் தந்தது. 0.4 பார் அழுத்தம் கொடுத்தால் 115 பக்கம் எதிர்பார்க்கலாம். பழைய பிஸ்டன், பழைய ராடு வைத்துக்கொண்டு இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காக மட்டும் கட்டியது இது. ரோட்டில் ஓடும் வண்டியில் இந்த மாதிரி மாற்றம் செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தராது.

நான் கட்டிய முதல் டர்போ இன்ஜின் இரண்டாம் நாளே போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருக்கும் ரிங் லேண்ட் உடைந்து கிடந்தது. ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்கும், ஓரிடத்தில் வெட்டுள்ள வளையம். அதைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே போட்டிருந்தேன். டர்போவில் ரிங் கூடுதலாகச் சூடாகி நீளும். இரண்டு முனைகளுக்கும் நடுவே இடம் இல்லையென்றால் முட்டிக்கொள்ளும். அப்புறம் ரிங் சிலிண்டரைக் கீறும், இல்லையென்றால் லேண்டைப் பெயர்க்கும். இதைத் தடுக்க ஒரு சின்ன அரமும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் ஒரு மாலை நேரமும் போதும்.

ரிங்கை அதன் சிலிண்டருக்குள் விட்டு, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் ஒரு அங்குலம் கீழே தள்ளி நேராக்குங்கள். இடைவெளியை அளக்கவும். இந்த 74 மி.மீ. போருக்கு மேல் ரிங்கில் 0.37 மி.மீ., இரண்டாவதில் 0.40 மி.மீ. வைக்கிறேன். அரத்தை வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகத்தான் இழுக்க வேண்டும், ஒரு முனையை மட்டும். பிசிறை எண்ணெய்க் கல்லில் தேய்த்து எடுங்கள். ஆயில் ரிங்கைத் தொட வேண்டாம். எந்த ரிங் எந்த சிலிண்டருக்கு என்று எழுதிவையுங்கள், மாறினால் செய்த வேலை எல்லாம் வீண்.

போர் தேய்ந்திருந்தால் அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போட வேண்டும், அதில் முதல் ஓவர்சைஸோடு நிறுத்துங்கள். சுவர் எவ்வளவு தடிமனாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் நுணுக்கமாகத் தேய்ப்பது) செய்யும்போது, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் போல்ட்டுகளுடைய இழுப்பில் சிலிண்டர் லேசாக நெளிவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 40 மி.மீ. தடிமனில் ஒரு இரும்புத் தகடு வாங்கி, ஹெட் மாதிரியே ஓட்டைகள் போட்டு, அதை முறுக்கிவைத்து ஹோன் செய்யச் சொன்னேன். லேத்காரர் முதலில் சிரித்தார். தகடு இல்லாமல் செய்த பிளாக்கையும் இதையும் போர் கேஜில் அளந்து காட்டிய பிறகு, அந்தத் தகட்டை அவரே வைத்துக்கொண்டார். பிஸ்டன் கிளியரன்ஸை (பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடம்) வழக்கத்தைவிட 0.01 மி.மீ. கூட்டிக் கேளுங்கள்.

கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற விகிதத்தை, அளக்காமல் ஊகிக்கக் கூடாது. பள்ளி ஆய்வகத்தில் பார்த்த பியூரெட் ஒன்று, நடுவில் ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடு ஒன்று, வண்ணம் கலந்த மண்ணெண்ணெய், கொஞ்சம் கிரீஸ் இருந்தால் போதும். தகட்டைக் கிரீஸால் அறை மேல் ஒட்டி, ஓட்டை வழியே மண்ணெண்ணெயை நிரப்பினால் எத்தனை சி.சி. பிடிக்கிறது என்று பியூரெட்டில் தெரியும். ஒரு சிலிண்டர் 324.5 சி.சி. ஹெட் அறை, கேஸ்கெட், பிஸ்டன் மேலே மிஞ்சும் இடம் எல்லாம் சேர்த்து எனக்கு 38.2 சி.சி. வந்தது, இரண்டின் கூட்டலை 38.2-ஆல் வகுத்தால் 9.5-க்கு 1. அறையிலும் பிஸ்டன் தலையிலும் இருந்த கூரான ஓரங்களை மழுக்கியதில் 1 சி.சி. கிடைத்தது. அந்தக் கூரான ஓரம்தான் முதலில் பழுத்துச் சிவந்து நாக்கிங்குக்கு வழி வைக்கும். 0.3 மி.மீ. கூடுதல் தடிமனுள்ள கேஸ்கெட் 1.3 சி.சி. தந்தது. மொத்தம் 40.5, விகிதம் 9-க்கு 1. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே தடித்த தகடு வைத்து 8 வரை இறக்கச் சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன். பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்திலுள்ள கலவையை நடுவே பிதுக்கித் தள்ளும் குறுகிய சந்து அதில் போய்விடும். விகிதம் குறைந்தும் நாக்கிங் மிஞ்சும்.

ராடுகளைக் காந்தத் துகள் சோதனைக்கு அனுப்புங்கள், விரிசல் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பக்கவாட்டில் ஓடும் அச்சு வரியை நீளவாக்கில் மட்டும் தேய்த்து வழவழப்பாக்கி, ஷாட் பீனிங் (சின்ன உலோகக் குண்டுகளை வீசி மேற்பரப்பை இறுக்குவது) செய்து, புது போல்ட் போட்டு முறுக்கி, அதன் பிறகு கிராங்கைப் பிடிக்கும் பெரிய முனையை ஹோன் செய்ய வேண்டும். எடை நான்கிலும் ஒரு கிராமுக்குள் இருக்கட்டும். இத்தனையும் செய்தாலும் ராடை இழுத்து அறுப்பது வேகம்தான், அந்த இழுப்பு ஆர்பிஎம்மின் வர்க்கமாக ஏறும். 7000-லிருந்து 6300-க்கு வரம்பை இறக்கினால் இழுப்பு 19 சதவீதம் குறையும். திறனை டர்போவிடம் வாங்குங்கள், ஆர்பிஎம்மிடம் கேட்காதீர்கள். 3000-க்குக் கீழே முழு அழுத்தமும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டின் தளம் 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் ஃபேசிங் செய்து (மட்டமாகச் சீவி), அறையை மறுபடி அளந்துவிடுங்கள். ஹெட் போல்ட்டுகள் புதிதாக இருக்கட்டும். ஆயில் பம்பும் புதிது, வாட்டர் பம்பும் புதிது, இதில் பேரம் வேண்டாம். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் அகலமாக, நேரே கீழிறங்கி, சம்ப்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும்.

மிச்சப்பட்ட பணத்தில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார், கலவையையும் இக்னிஷனையும் மாற்றக்கூடிய ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) வாங்குங்கள். 115 குதிரைத்திறனுக்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிடத்துக்கு 220 சி.சி. பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் கணக்காகும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கூடுதலாகத் தெளிக்க வேண்டியிருப்பதால் நான் 260 போட்டேன். பிளக் ஒரு படி ‘கோல்டு’ வகை, அதாவது சூட்டை வேகமாகக் கடத்துவது, இடைவெளி 0.7 மி.மீ.

முதல் 1000 கி.மீ. டர்போ அழுத்தம் இல்லாமல் ஓட்டி ரிங் உட்காரட்டும். அதன் பின் 0.2 பாரில் ஒரு சுற்று ஓட்டி, இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றி லென்ஸில் வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கரும்புள்ளியோ வெள்ளிப் பொட்டோ இருந்தால் நாக்கிங் இருக்கிறது, அந்த வெள்ளி உங்கள் பிஸ்டனின் அலுமினியம். இக்னிஷனை இரண்டு டிகிரி பின்னுக்குத் தள்ளி, புது பிளக் போட்டு மறுபடி ஓட்டுங்கள். பீங்கான் சுத்தமாக வந்த பிறகுதான் 0.3.